சூடும் தேய்ப்பும் தனித்தனி மேசையில்

1

இந்த மாதத்தோடு நான் ஜொகூருக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. ராஜபாளையத்தில் என் சொந்தக்காரர்கள் "கோமதி மலேசியாவில் இருக்கிறாள்" என்று சொல்லும்போது, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் நிழலில் நான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறார்கள். நான் இருப்பது கூலாயில். ஒரு பக்கம் எண்ணெய்ப்பனை, இங்கே செம்பனை என்பார்கள். இன்னொரு பக்கம் தொழிற்சாலைக் கூரைகள், நடுவில் நெடுஞ்சாலை. அந்தக் கூரைகளில் ஒன்றின் கீழ், இயந்திரங்களுக்குப் போடும் எண்ணெய், கிரீஸ் வகைகளைச் சோதித்துப் பார்க்கும் சின்ன ஆய்வகத்தில் எனக்கு வேலை.

பன்னிரண்டு வருடத்தை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கணவர் விடிவதற்கு முன்பே சிங்கப்பூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார். பதினாறு வயது மகள் யாழினியிடம் சொன்னேன். "ஓ, ஓகே ம்மா. ஹேப்பி அனிவர்சரி லா," என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். நாலு வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தபோது ராஜபாளையத்துத் தமிழில் ஓயாமல் தொணதொணப்பாள். இப்போது தமிழில் ஆரம்பித்து, மலாயில் திரும்பி, ஆங்கிலத்தில் போய் நிற்கிறாள். நான் திட்டினால் மட்டும் முழுத் தமிழையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறாள், பதில் சொல்வதில்லை.

எனக்கு நினைவூட்டியது குடிநுழைவுத் துறையின் படிவம்தான். வேலை பாஸைப் புதுப்பிக்க வேண்டிய நேரம். அந்தப் படிவத்தில் எனக்குப் பிடிக்காத கட்டங்கள் இரண்டு. ஒன்று குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? வந்த வருடம் அப்பாவின் பெயரைப் போட்டுவைத்தேன். அன்றிலிருந்து இந்த ஊரில் நான் டாக்டர் பரமசிவம். அப்பாவுக்கு இதில் ஏகப் பெருமை. எட்டாம் வகுப்போடு நின்ற தன் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் ஒட்டிக்கொண்டதை டீக்கடையில் சொல்லாத நாள் இல்லையாம்.

இன்னொரு கட்டத்தில், இந்த வேலைக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் ஏன் போதாது என்று முதலாளி விளக்க வேண்டும். எங்கள் முதலாளி மிஸ்டர் வோங் ஒவ்வொரு முறையும் ஒரே வரியைத்தான் எழுதுவார். "இவர் அயனித் திரவங்களில் நிபுணர்." என் பாஸ், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கணவரின் பாஸ், யாழினியின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த ஒரு வரியில்தான் தொங்குகின்றன. படிவத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்த அன்று மத்தியானமே, பழுப்பு நிறத் திரவத்தோடு ஒரு பாட்டில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது.

2

அயனித் திரவம் என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ரொம்பச் சாதாரணமானது. அது உப்புதான். சமையல் உப்பை உருக்க வேண்டுமென்றால் எண்ணூறு டிகிரி சூடு வேண்டும், ஏனென்றால் அதன் துகள்கள் ஒரே அளவில் ஒழுங்காக அடுக்கி உட்கார்ந்திருக்கின்றன. அந்தத் துகள்களில் ஒரு வகையை எடுத்துவிட்டு, கோணல்மாணலாக, பெரிதாக ஒன்றைப் போட்டால் அடுக்கு நிற்காது. பெக்கான் நானாஸிலிருந்து வரும் அன்னாசியையும் எலுமிச்சையையும் ஒரே கூடையில் அடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. அடுக்க முடியாத அந்த உப்பு, சாதாரண அறைச் சூட்டிலேயே தண்ணீர் மாதிரி கிடக்கும்.

இதற்கு இருக்கும் பெரிய நல்ல குணம், ஆவியாகாது, லேசில் தீப்பிடிக்காது. சூடான இடத்தில் ஓடும் இயந்திரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியதே இதில்தான். எனக்கு இந்தத் திரவத்தின் மேல் கொஞ்சம் காதல் உண்டு என்றே சொல்லலாம்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு, இந்த வகைத் திரவம் ஒன்றை விற்கும் நிறுவனம் எங்களிடம் அதைச் சோதிக்கக் கொடுத்தது. எங்கள் ஆய்வகத்துக்குப் பெரிய வாடிக்கையாளர் அவர்கள்தான். வாங்கப் போவது ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே பீங்கான் கை அச்சுகளைச் சுமந்துகொண்டு நீளமான சங்கிலி ஒன்று அடுப்புக்குள் புகுந்து, சுடுதண்ணீர்த் தொட்டியைக் கடந்து, இரவும் பகலும் ஓடும். சாதாரண எண்ணெய் அடுப்பில் புகைந்து கையுறையில் சொட்டிக் கறையாகிவிடுகிறது என்று புதியதைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான் சோதித்து, முந்நூறு டிகிரி வரை தாங்கும், தேய்மானத்தையும் நன்றாகத் தடுக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது வந்த பாட்டிலில் இருந்தது அதே திரவம், சங்கிலியிலிருந்து வழித்தெடுத்தது. நான் சோதித்தபோது பளிங்கு மாதிரி இருந்தது, வடிகட்டாத கோப்பி மாதிரி திரும்பி வந்திருந்தது. கூடவே அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம். சங்கிலி அறுந்துவிட்டது, கண்ணிகளைக் கோக்கும் ஊசிகளில் எல்லாம் குழி விழுந்திருக்கிறது, பராமரிப்புப் பிரிவில் எண்ணெய் போடும் தொழிலாளி இதில் வேறு எண்ணெய் கலந்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார், விசாரணைக்காக அதை நீங்கள் உறுதி செய்து தர வேண்டும். கலந்த எண்ணெய் எது என்றும் எழுதியிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு விட்ட நல்லெண்ணெய்.

அதைப் படித்த உடனே என் மனதில் வந்தது, செஞ்சிருப்பான் என்பதுதான். அந்த ஒருமையோடுதான் நினைத்தேன். நானும் தமிழ்ச்சி, இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவள், ஒரு கரண்டி எண்ணெயையும் ஊற்றியிருப்பான் என்று ஒரு நொடியில் தீர்ப்பு எழுதிவிட்டேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அகச்சிவப்புக் கருவியில் வைத்துப் பார்த்தேன். சமையல் எண்ணெய் ஒரு துளி கலந்திருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். இல்லை. இயந்திர எண்ணெயும் இல்லை. கலப்படமே இல்லாமல் அந்தத் திரவம் தானாகவே பழுத்துப்போயிருந்தது.

3

தொழிற்சாலைக்கு நேரில் போக வேண்டும் என்றேன். வோங்குக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. அவர் அப்படித்தான். பிடிக்காததை முகத்தில் மட்டும் காட்டுவார்.

அந்தத் தொழிலாளியின் பெயர் மணியம். என் வயதுதான் இருக்கும், ஐம்பதை ஒட்டி. பத்தொன்பது வருடமாக அதே தொழிற்சாலை, அதே லைன். விசாரணை முடியும்வரை அவரைச் சங்கிலிப் பக்கம் விடாமல் அட்டைப்பெட்டி ஒட்டும் இடத்தில் போட்டிருந்தார்கள். சங்கிலியின் மூடியைத் திறந்து காட்ட வேறு யாருக்கும் தெரியாததால், எனக்காக அவரையே கூட்டிவந்தார்கள்.

"பசியாறிட்டீங்களா டாக்டர்?" என்றுதான் ஆரம்பித்தார். காலைச் சாப்பாட்டை இங்கே அப்படித்தான் கேட்பார்கள். வேலையே போகப் போகிற மனிதர், தன்மேல் அறிக்கை எழுத வந்தவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்.

"என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க," என்றேன்.

"என்னாத்த சொல்றது. மேனேஜர் கேட்டாரு, நீ மெஷின்ல வேற எண்ணெய் ஏதாச்சும் வச்சியான்னு. நான் யோசிச்சேன். ஆயுத பூசைக்கு வச்சேன்ல? அதையும் சொல்லணும்ல? ஆமா, நல்லெண்ணெய் வச்சேன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. சைன் போடுன்னாங்க, போட்டேன்."

"எங்க வச்சீங்க?"

அவர் கூட்டிப்போய்க் காட்டினார். சங்கிலியை இழுக்கும் மோட்டாரின் வெளி மூடி. அதன் நெற்றியில் காய்ந்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், கீழே விரலால் தொட்டு வைத்த எண்ணெய்த் தடம். அங்கிருந்து சங்கிலிக்கு ஆறடி தூரம்.

"இந்த மெஷின்தான் எனக்குச் சோறு போடுது. வருசத்துக்கு ஒரு தடவ விளக்கு எண்ணெயத் தொட்டு வைப்பேன், அவ்ளோதான். செயின்ல போய் நல்லெண்ணெய் ஊத்த நான் என்னா பைத்தியமா?"

"இத அவங்ககிட்ட சொல்லலையா?"

"மூடி மேலன்னு சொல்லல டாக்டர். எங்கன்னு அவங்க கேக்கலையே."

காஹாங் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் அங்கே ரப்பர் மரம் சீவியவர்கள், இவர் பேச்சில் கித்தா மரம். பதினாறு வயதில் வேலைக்கு வந்துவிட்டார். இந்த வயதில் "இயந்திரத்தைக் கெடுத்தவன்" என்ற பெயரோடு வெளியே போனால் கூலாயில் எந்த வாசலும் திறக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் புலம்பாமல் சொன்னார். சங்கிலி மூடியைக் கழற்றும்போது அடிக்கடி விரல் நுனிகளை ஊதிக்கொண்டார்.

"விரல்ல என்ன?"

"தெரியல. நாலஞ்சு மாசமா குத்துது. சோப்பு ஒத்துக்கலபோல."

கையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு விரல் நுனிகள் வெளுத்து, தோல் தடித்திருந்தது. இந்தத் திரவத்துக்குள் ஃப்ளோரின் பிணைந்து கிடக்கிறது. அது உடைந்து தண்ணீரோடு சேர்ந்தால் உண்டாகும் அமிலம் தோலுக்குள் சத்தமில்லாமல் இறங்கும், வலி பிறகுதான் தெரியும். அங்கேயே ஒரு தாளில் எழுதி அவரை மருத்துவரிடம் அனுப்பினேன். அந்தத் திரவத்தை இனி யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது, எல்லா லைனிலும் நிறுத்துங்கள் என்று பராமரிப்பு இன்ஜினியரிடம் சண்டை போடாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

4

என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஆயில்மேன். கதிர்களுக்கு எண்ணெய் விடுவது வேலை. மில்லில் எது நின்றாலும் முதலில் கூப்பிடுவது எண்ணெய் விட்டவனைத்தான். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது ஒரு இயந்திரம் கருகிப்போய், அப்பாவிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து, "என்னம்மா போட்டுருக்கு?" என்று என்னிடம் நீட்டினார். என் கவனக்குறைவை ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். எனக்கு மூக்குக்கு மேல் வரும் கோபத்தில் பாதி அன்று பிறந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் அதைக் கேட்டேன்.

"எந்த லெட்டரு? அட, அதையா இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்க? அந்த சூப்பர்வைசரு பாவம்மா. அவன் வேலை போயிரக் கூடாதுன்னு என்கிட்ட வாங்கிட்டான். சின்னப் பிள்ளைக்காரன்."

முப்பத்தைந்து வருடமாக நான் சுமந்ததை அவர் ஒரு நிமிடத்தில் இறக்கி வைத்துவிட்டு, அங்கே மழையா என்று கேட்டார். எனக்கு அதுவும் கோபம்தான் வந்தது.

மறுநாள் ஆய்வகத்தில் என் பழைய அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். சூட்டைச் சோதித்தது மாடியில் இருக்கும் கருவியில். நிமிடத்துக்குப் பத்து டிகிரி வீதம், காய்ந்த நைட்ரஜன் வாயுவுக்குள் சூடேற்றியிருக்கிறேன். அரை மணி நேரத்தில் முந்நூறைத் தொட்டிருக்கிறது, திரவம் கெடவில்லை. அரை மணி நேரம் கெடாதது ஆறு மாதமும் கெடாது என்று எனக்கு யார் சொன்னது? தேய்ப்பைச் சோதித்தது கீழ்த்தளத்தில் இருக்கும் கருவியில். குளிரூட்டிய அறையில், எஃகுக் குண்டைத் தட்டின் மேல் ஒரு மணி நேரம் உராய வைத்திருக்கிறேன், அங்கேயும் கெடவில்லை. இரண்டு தாளையும் சேர்த்துப் பின்னடித்து, இரண்டையும் தாங்கும் என்று எழுதிவிட்டேன். கருவிகள் வேறு வேறு மாடியில் இருந்தன, வேலைச் சீட்டுகளும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சங்கிலிக்கு அந்த வசதி இல்லை. அது சுடச்சுட உராய்கிறது, மேலே தண்ணீர் ஆவி வேறு.

தேய்ப்புக் கருவியின் தட்டுக்கு அடியில் ஒரு சூடேற்றியைக் கட்டினேன். அலுவலகச் சமையலறைக் கெட்டிலைத் தூக்கிவந்து ஆவிக் குழாய்க்கு வைத்தேன், ஐந்து நாள் யாருக்கும் டீ இல்லை. மூன்று மாதிரிகள். ஒன்று சூட்டில் சும்மா இருந்தது. ஒன்று காய்ந்த அறையில் உராய்ந்தது. ஒன்றுக்குச் சூடு, உராய்வு, ஈரம் மூன்றும். முதலது வைக்கோல் நிறத்துக்குக் கொஞ்சம் திரும்பியது. இரண்டாவது அப்படியே இருந்தது. மூன்றாவது, மூன்றாம் நாள் காலையில் பழுப்பு.

காரணம் இப்படி. இரும்பின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய துரு ஆடை உண்டு. உராயும்போது அது வழிக்கப்பட்டு, பச்சை இரும்பு வெளியே வருகிறது. பச்சை இரும்பு சும்மா இருக்காது, தொட்ட திரவத்தின் துகளைப் பிடித்து உடைக்கும். சூடு அதற்குக் கை கொடுக்கிறது. உடைந்த துண்டு ஆவியோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் இரும்பை அரித்து இன்னும் பச்சை இரும்பைத் திறந்துவிடுகிறது, அது இன்னும் கொஞ்சம் திரவத்தை உடைக்கிறது. தனியாக வந்தால் தாங்கும் பொருள், சேர்ந்து வந்தால் நொறுங்குகிறது. எஃகுக் குண்டை நுண்ணோக்கியில் வைத்தேன். மணியத்தின் சங்கிலி ஊசியில் இருந்த அதே குழிகள்.

5

வோங்கிடம் சொன்னேன். அவர் பேசியது ஆங்கிலத்தில், நான் தமிழில் தருகிறேன்.

"அந்தத் தொழிலாளிமேல் தப்பில்லை என்று எழுதுங்கள். புதுச் சோதனையையும் எழுதுங்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை," என்றார். "ஆனால் பழைய அறிக்கை தப்பு என்று நீங்களே எழுத வேண்டாம். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்."

"கேட்காவிட்டால்?"

"டாக்டர், போன வாரம்தான் நீங்கள் இதில் நிபுணர் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். இந்த வாரம் உங்களுக்கு இது தெரியவில்லை என்று நீங்கள் எழுதினால், நான் எதை வைத்துப் பேசுவது?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வழி தெரியாமல்தான் கேட்டார். நானும் சரி என்றேன். புதுச் சோதனை மட்டும் அறிக்கையில் ஏறியது, என் பழைய கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டில் சாப்பிடும்போது யாழினி, "ஏம்மா மூஞ்சி அப்படி இருக்கு?" என்றாள். சொன்னேன். அவள் கேட்பாள் என்றே நான் எதிர்பார்க்கவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சோ, அந்த அங்கிள் ஓகே ஆயிருவாரு?"

"ஆயிருவாரு."

"ஆனா அவங்க ஏன் அந்த எண்ணெய வாங்கினாங்க? நீங்க நல்லா இருக்குன்னு சொன்னதாலதானே? அப்ப சாரி சொல்லணும் லா ம்மா. சிம்பிள்."

"பாஸ் கிடைக்கலேன்னா ஊருக்குப் போகணும். உனக்கு அடுத்த வருசம் பரீட்சை."

அவள் முகம் மாறியது. ராஜபாளையம் அவளுக்கு விடுமுறைக்குப் போய்க் கொசுக்கடி வாங்கி வரும் இடம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "ஐ டோன்ட் வான்ட் டு கோ," என்றாள் கடைசியில். கொஞ்சம் கழித்து, "பட் இன்னும் அதுதான் ரைட்டு," என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். இந்தப் பெண் என்னை விட்டு எங்கேயோ போய்விட்டாள் என்று ஊருக்கெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவள் நான்.

6

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. மனிதவளப் பிரிவின் ரோஸ்னா, இங்கே மரியாதைக்குப் புவான் ரோஸ்னா, கணினி முன் இருந்தார். மணியம் இஸ்திரி போட்ட சட்டையில், விரல்களில் கட்டோடு வந்திருந்தார். இன்ஜினியரும் இருந்தார், ஆனால் நடுவில் லைனில் ஏதோ கோளாறு என்று எழுந்து ஓடிவிட்டார்.

என் அறிக்கையை வைத்துக்கொண்டு புவான் ரோஸ்னா முதலில் கேட்டது ஒன்றுதான். நல்லெண்ணெயா, இல்லையா? இல்லை என்றேன். இவர் வேறு எதுவும் கலந்தாரா? இல்லை. அவர் ஒரு பெருமூச்சு விட்டு, மணியத்துக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகவும், திங்கட்கிழமை பழைய வேலைக்கு வரலாம் என்றும் மலாயில் சொன்னார். மணியம் தலையை மட்டும் ஆட்டினார்.

எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன். புவான் ரோஸ்னா விடவில்லை. விளக்கத்தை மலாயில் பதிய வேண்டும், உங்கள் ஆங்கில அறிக்கை எனக்குத் தலையும் வாலும் புரியவில்லை, எளிதாகச் சொல்லுங்கள் என்றார். என் மலாய், சந்தையில் மீன் வாங்கும் மலாய். பச்சை இரும்பு என்று சொல்லப்போய், பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு என்று சொல்லிவைத்தேன். அவர் எந்தப் பெயின்ட் என்று கேட்டார்.

"நீங்க தமிழ்ல சொல்லுங்க டாக்டர், நான் சொல்றேன்," என்றார் மணியம்.

சொன்னேன். அவர் தோட்டத்துப் பள்ளியிலும் தொழிற்சாலையிலும் பழகிய அழகான மலாயில், கையால் உரசிக் காட்டி, சூடு, தண்ணீர், இரும்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எனக்கே என் அறிக்கை அப்போதுதான் தெளிவாகப் புரிந்த மாதிரி இருந்தது. புவான் ரோஸ்னா தட்டச்சு செய்துகொண்டே வந்து, நிமிர்ந்து, ஒரு கேள்வி கேட்டார்.

"அப்படியானால் இது நல்ல எண்ணெய் என்று முதலில் உங்கள் ஆய்வகம் ஏன் எழுதிக் கொடுத்தது?"

கேட்டுவிட்டார். மணியம் எனக்காக அதைத் தமிழில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, எனக்கு நன்றாகவே புரிந்தது. யாழினியின் பரீட்சை கண்ணுக்கு முன் வந்துபோனது.

"நான் தப்பா சோதிச்சேன் மணியம்," என்றேன். "சூட்டத் தனியா பாத்தேன், தேய்ப்பத் தனியா பாத்தேன். உங்க செயின் எப்படி ஓடுதுன்னு வந்து பாக்கல. இது என் தப்புன்னு சொல்லுங்க."

மணியம் என்னைப் பார்த்தார். பிறகு புவான் ரோஸ்னா பக்கம் திரும்பி, நிதானமாக மலாயில் சொன்னார். இது புது மாதிரி எண்ணெய், அப்போது இதைப் பற்றி யாருக்கும் தெரியாது என்று டாக்டர் சொல்கிறார்.

அது புரிய என் மீன் வாங்கும் மலாயே போதும்.

"நான் அப்படிச் சொல்லல," என்றேன்.

"விடுங்க டாக்டர்," என்றார் தாழ்ந்த குரலில். "எனக்கு லெட்டர வாங்கிட்டாங்க. என் விரலப் பாத்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்ததும் நீங்கதான். இத பேப்பர்ல ஏத்திட்டா என்னா ஆகும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு புள்ள இருக்குல்ல?"

புவான் ரோஸ்னா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விரல்கள் விசைப்பலகையின் மேல் நின்றிருந்தன. அப்படியே விட்டுவிட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மணியத்தின் வேலை எப்படியும் திரும்பி வந்துவிட்டது, அந்த ஒரு வரியால் இனி அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் நாளைக்கு இன்னொரு தொழிற்சாலையில் இன்னொரு சங்கிலிக்கு இதே சோதனையைச் செய்து இதே தாளைக் கொடுப்பார்கள், எண்ணெய் போடுகிற ஒருத்தர் போய் எதையாவது ஒப்புக்கொள்வார்.

"சாயா யாங் சாலா," என்றேன். தப்பு என்னுடையது. மீதியையும் என் ஓட்டை மலாயிலேயே சொன்னேன். இரண்டு சோதனை, இரண்டு மாடி, ஒன்றாகச் செய்யவில்லை. நடுவில் ஒரு வார்த்தைக்கு நான் தடுமாறியபோது, மணியம் வேண்டா வெறுப்பாக அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார்.

அச்சடித்து வந்த இரண்டு பக்கத்தையும் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முந்நூறு டிகிரி என்ற இடத்தில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருந்தது, திருத்தச் சொன்னேன். புது நகலில் கையெழுத்துப் போட்டேன்.

பாஸ் பற்றி இதை எழுதும் இன்றுவரை பதில் வரவில்லை. எது வந்தாலும் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று என் கணவர் சொல்கிறார், சொல்லும்போது முகம் அப்படிச் சொல்லவில்லை.

அன்று கார் நிறுத்தும் இடம்வரை மணியம் கூடவே நடந்து வந்தார். கார்க் கதவைத் திறந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"என்னா டாக்டர் நீங்க, நீங்களும் சைன் போட்டுட்டீங்களே."

"படிச்சுட்டுத்தான் போட்டேன் மணியம்," என்றேன்.